கரடி புகாத சந்தை

நாமக்கல்லில் முட்டைக்குத் தினமும் விலை உண்டு. தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் அந்த விலை இந்த வாரம் ஏறும், அடுத்த வாரம் இறங்கும். சரக்கு தேங்கினால் வியாபாரிகள் அதற்கும் கீழே ‘மைனஸ்’ வைத்துத்தான் எடுப்பார்கள். பண்ணையாளருக்கு அது வயிற்றெரிச்சல். ஆனாலும் சாப்பிட எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற உண்மை அந்த இறக்கத்தில்தான் தெரியவருகிறது.

இதே கொங்குச் சீமையில் 2012 வரை, விலை இறங்கவே இறங்காத ஒரு பறவை இருந்தது: ஈமு. பெருந்துறையில் இயங்கிய சுசி ஈமு நிறுவனத்தின் திட்டம் இதுதான். ஒன்றரை லட்சம் ரூபாய் கட்டினால் ஆறு குஞ்சுகள், பராமரிப்புக்கு மாதம் 6,000, ஆண்டுக்கு 20,000 போனஸ். கூட்டிப் பார்த்தால் ஆண்டுக்கு 92,000 ரூபாய், போட்ட பணத்தில் 61 சதவீதம். ஈரோடு, சேலம், நாமக்கல் பக்கம் இதே பாணியில் பல நிறுவனங்கள் முளைத்தன. இறைச்சி, எண்ணெய், இறகு என்று விற்பனை பேசினார்கள். அவ்வளவு பணம் தரும்படி வாங்குவோர் எங்கும் இல்லை. பின்னால் வந்தவரின் வைப்புத்தொகைதான் முன்னால் வந்தவரின் மாதப் பணமாயிற்று. 2012 ஆகஸ்டில் எல்லாம் நின்றது. பட்டினி கிடந்த பறவைகளுக்கு அரசே தீவனம் போட வேண்டி வந்தது.

‘இது தேறாது’ என்று அன்றைக்கே சந்தேகப்பட்டவர்கள் இல்லாமலா இருந்திருப்பார்கள்? அவர்கள் பணம் கட்டாமல் ஒதுங்கலாம், அவ்வளவுதான். நம்பியவரின் பணம் மட்டுமே விலையைத் தீர்மானித்தது. நம்பாதவரின் கருத்துக்கு அதில் இடமே இல்லை. பங்குச் சந்தையிலும் இப்படித்தான் நடக்கும் என்று எட்வர்ட் மில்லர் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1977இல் விளக்கினார். விற்க வழியில்லாத அவநம்பிக்கையாளர்கள் வெளியே நின்றுவிட்டால், அதீத நம்பிக்கையாளர்களின் கணிப்பே விலையாகி நிற்கும்.

அந்த அவநம்பிக்கையாளர்களை உள்ளே கொண்டுவரும் கதவுதான் ஷார்ட் செல்லிங். முட்டை 5 ரூபாய் விற்கும்போது பக்கத்துப் பண்ணையில் ஆயிரம் முட்டை கைமாற்று வாங்கி விற்றுவிடுகிறீர்கள். விலை 4 ரூபாய்க்கு இறங்கியதும் ஆயிரம் முட்டை வாங்கித் திருப்பிக் கொடுத்தால், ஆயிரம் ரூபாய் உங்களுக்கு. பங்கிலும் இதே கணக்குத்தான். 1609இல் ஆம்ஸ்டர்டாமில் ஐசக் லெ மேர் என்பவர் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பங்குகளைத் தன் கையில் இல்லாமலேயே விற்றார். மறு ஆண்டே அரசு அதைத் தடைசெய்தது. விலை சரியும்போதெல்லாம், இறங்கும் என்று விற்கும் ‘கரடிகள்’மேல் பழி போடுவது அன்று தொடங்கியது. இந்தியாவில் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி 2001 மார்ச்சில் தடை போட்டது. பங்கைக் கடன் வாங்கி விற்கும் இன்றைய முறை 2008 ஏப்ரலில்தான் வந்தது.

இந்தக் கதவு தேவை என்பதே என் கருத்து. ஆனால் அதில் நுழைபவருக்கு ஆபத்து பெரிது. 100 ரூபாய்க்குப் பங்கு வாங்கியவர் அதிகம்போனால் 100 ரூபாய் இழப்பார். ஷார்ட் அடித்தவரின் நட்டத்துக்கு எல்லையே இல்லை. 2021 ஜனவரித் தொடக்கத்தில் 20 டாலருக்கும் கீழே இருந்த கேம்ஸ்டாப் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பங்கு அதே மாதம் 483 டாலரைத் தொட்டது. இறங்கும் என்று விற்றவர்கள் பதறியடித்துத் திருப்பி வாங்கியதே விலையை மேலும் தள்ளியது. இங்கேயும் 2021-22 முதல் 2023-24 வரை பங்கு விலை ஏறும் அல்லது இறங்கும் என்று ஒப்பந்தம் போடும் எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ் அண்ட் ஆப்ஷன்ஸ்) வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 100க்கு 93 பேர் நட்டப்பட்டதாக செபியின் ஆய்வே சொல்கிறது.

ஆகவே கரடி வேலையை நாம் செய்ய வேண்டியதில்லை. தேக்கு, ஆடு, நாட்டுக்கோழி என்று அடுத்த திட்டத்தோடு யாராவது வீட்டுக்கு வந்தால், முதலீடு செய்யாத ஒருவர் அந்தப் பொருளை இன்று எங்கே, என்ன விலைக்கு வாங்குகிறார் என்று கேளுங்கள். அந்தக் கடையை நேரில் பார்க்கும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.