மிதிவண்டியும் கம்பளி உடையும்

மிதிவண்டியில் செல்வோர் எத்தகைய உடை அணிதல் நன்று என்னும் கேள்வி, மேலோட்டமாக நோக்குவார்க்கு அற்பமானதாகத் தோன்றக்கூடும். ஆனால் நாள்தோறும் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் மிதித்து வீடு வீடாகச் சென்று பணிபுரியும் கள ஊழியருக்கும், மிதிவண்டியில் வரும் மாணவரின் நலம் பேணும் ஆசிரியருக்கும் அது உடல்நலத்தையும் கைப்பொருளையும் ஒருங்கே தொடும் கேள்வியாகும். இத்துறையில் மேல்நாட்டார் எழுதியுள்ள நூல்கள் பலவும் கம்பளியைப் புகழ்கின்றன. அப்புகழ்ச்சி நம் நாட்டில் எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஆராய்ச்சிக்கு ஓர் இடம் வேண்டுமாதலால், திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்பகுதியில், நெய்யாற்றங்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே அமைந்த அமரவிளையை எடுத்துக்கொள்வோம்.

அகத்தியமலைப் பகுதியில் தோன்றிக் கடலை நாடிச் செல்லும் நெய்யாறு இவ்வூரைத் தொட்டுச் செல்கிறது. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் நெடுஞ்சாலையும் இவ்வழியே போகிறது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது விளவங்கோடு முதலிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றங்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. ஆகவே இவ்வட்டாரத்தில் மலையாளத்தோடு தமிழும் வழங்கிவருகிறது. நிலம் மேடும் பள்ளமுமாக இருப்பதால் மிதிவண்டியில் செல்பவர் ஒரு சரிவில் இறங்கியதும் அடுத்த மேட்டில் ஏற வேண்டியவராகிறார். கடல் அண்மையில் இருப்பதாலும், ஆண்டில் இரு பருவமழைகள் பெய்வதாலும், காற்றில் ஈரம் எக்காலத்தும் மிகுந்தே காணப்படுகிறது. நம் ஆராய்ச்சிக்கு இவ்வீரமே திறவுகோலாகும்.

மேல்நாட்டுப் பழக்கம் தோன்றிய வகை

ஜெர்மனி நாட்டு ஸ்டட்கார்ட் நகரில் வாழ்ந்த குஸ்டாவ் யேகர் என்னும் விலங்கியல் அறிஞர், மனிதன் விலங்குகளின் உரோமத்தால் ஆன உடையையே அணிய வேண்டும் என்று 1880-ஆம் ஆண்டளவில் வற்புறுத்தினார். 1884-இல் லண்டனில் அவர் பெயராலேயே ஒரு கம்பளி ஆடை நிறுவனம் தோன்றியது. நாடகாசிரியர் பெர்னார்டு ஷாவும் அவர் கொள்கையைப் பின்பற்றிக் கம்பளி உடை அணிந்தார். பருத்தி முதலிய தாவர நார்கள் உடலுக்குத் தீங்கு விளைப்பவை என்று யேகர் கூறியதற்கு விஞ்ஞான ஆதாரம் இல்லை. எனினும், மிதிவண்டி பரவத் தொடங்கிய அக்காலத்தில் வண்டியோட்டிகள் அவர் பரிந்துரைத்த உடையை விரும்பி ஏற்றனர். 1903-இல் தொடங்கிய புகழ்பெற்ற பிரெஞ்சு நாட்டுச் சுற்றுப் பந்தயத்தில் வீரர்கள் கம்பளிச் சட்டையே அணிந்தனர். முன்னணியில் செல்பவருக்கு 1919 முதல் வழங்கப்பட்ட மஞ்சள் சட்டையும் கம்பளியால் ஆனதே. செயற்கை நூலிழைகள் பெருகிய பின்னரே கம்பளி பந்தயச் சாலையிலிருந்து சிறிது சிறிதாக விலகியது.

கொள்கை தவறாயிருந்தும் பழக்கம் பயன் தந்தது எவ்வாறு? அதற்கு விடை, நாரின் இயல்பிலும் அந்நாட்டுக் காற்றின் இயல்பிலும் இருக்கிறது.

நாரின் இயல்பு

கம்பளி நார் கெராட்டின் என்னும் புரதத்தால் ஆனது. நம் தலைமயிரும் நகமும் இதே இனத்தைச் சேர்ந்தவை. நாரின் மேற்புறத்தில் மீன் செதில் போன்ற மெல்லிய அடுக்குகள் உள்ளன. இப்புறப்பரப்பு நீர்த்துளியை எளிதில் ஏற்பதில்லை. ஆனால் நாரின் உட்பகுதி நீராவியைப் பெரிதும் விரும்பி உறிஞ்சுகிறது. காற்றின் ஈரப்பதம் 65 சதவிகிதமாக இருக்கையில் 100 கிராம் உலர்ந்த கம்பளி சுமார் 16 கிராம் ஈரத்தை ஏற்கிறது. அதே நிலையில் பருத்தி 7 அல்லது 8 கிராமும், நைலான் 4 கிராமும், பாலியெஸ்டர் அரைக் கிராமுக்கும் குறைவாகவும் ஏற்கின்றன. காற்று முற்றிலும் ஈரத்தால் நிறைந்தால் கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை உட்கொள்ளும்; அப்போதும் தொட்டால் நனைந்ததாகத் தோன்றாது.

இவ்வாறு உறிஞ்சும்போது கம்பளி வெப்பத்தை வெளியிடுகிறது. முற்றிலும் உலர்ந்த ஒரு கிலோ கம்பளி, ஈரம் நிறைந்த காற்றில் நிறைவடையும் வரை வெளியிடும் வெப்பம் 900 கிலோ ஜூலுக்கும் மேற்படும். குளிர்ந்த பனிமூட்டத்துள் புகும் மனிதனுக்கு இது பெரிய துணையாகும். நாரின் இயற்கைச் சுருள் மற்றொரு நன்மை பயக்கிறது. ஈரமானாலும் துணி படிந்துவிடாமல் தன்னுள் காற்றைத் தேக்கி வைக்கிறது. நீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்துமாதலால், நனைந்து உடலோடு ஒட்டிய பருத்தி குளிர் காற்றில் உடல் வெப்பத்தை விரைந்து இழக்கச் செய்கிறது. கம்பளியோ அவ்வாறு செய்வதில்லை. மேலும், வியர்வை நாற்றம் பாலியெஸ்டர் துணியில் தங்குமளவு கம்பளியில் தங்குவதில்லை.

வியர்வையின் கணக்கு

மிதமான வேகத்தில் மிதிப்பவரின் தசைகள் உணவிலிருந்து பெறும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் வண்டியை நகர்த்த உதவுவதில்லை, எஞ்சியது வெப்பமாகிறது. ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 1,200 கிலோ ஜூல் வெப்பம் உடலில் உண்டாவதாகக் கொள்வோம். ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 2,400 கிலோ ஜூல் வெப்பம் நீங்கும். ஆகவே, சூடான நாளில் மணிக்கு அரை லிட்டர் அளவு வியர்வை ஆவியாக வேண்டும். இங்கே ‘ஆவியாக வேண்டும்’ என்பது முக்கியம். சொட்டி விழும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. உடலிலுள்ள நீரையும் உப்பையும் வீணே குறைக்கிறது.

வியர்வை ஆவியாகும் விரைவு, தோலின் மேலுள்ள ஆவியழுத்தத்துக்கும் சுற்றுப்புறக் காற்றின் ஆவியழுத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பொறுத்தது. 35 டிகிரி வெப்பமுள்ள ஈரத்தோலின் மேல் இவ்வழுத்தம் 42 மில்லிமீட்டர் பாதரசம். அமரவிளையில் வெப்பம் 30 டிகிரியும் ஈரப்பதம் 80 சதவிகிதமும் உள்ள ஒரு நாளில் காற்றின் ஆவியழுத்தம் சுமார் 25 மில்லிமீட்டர். வேறுபாடு 17 மட்டுமே. உதகமண்டலத்தில் வெப்பம் 10 டிகிரியாக உள்ள காலை வேளையில், மூடுபனி நிறைந்து ஈரப்பதம் 100 சதவிகிதமாக இருந்தாலும், காற்றின் ஆவியழுத்தம் 9 மில்லிமீட்டரைத் தாண்டாது. அங்கே உடைக்குள் தோல் இரண்டொரு டிகிரி குளிர்ந்திருப்பினும் வேறுபாடு 30-ஐ ஒட்டி நிற்கும். பனிமூட்டத்தில் நனைந்து நிற்கும் உதகையில் வியர்வை எளிதில் உலர்வதும், வெயில் காயும் அமரவிளையில் உலராமல் வழிவதும் இதனாலேயே.

அமரவிளையில் கம்பளி

இனி நம் கேள்விக்கு விடை காண்பது எளிது. கம்பளியின் தனிச்சிறப்பு, வியர்வை ஆவியைத் தற்காலிகமாகத் தன்னுள் ஏற்று வைத்துக்கொள்ளும் ஆற்றலாகும். 80 சதவிகித ஈரப்பதமுள்ள காற்றில், அணிவதற்கு முன்பே அதன் கொள்ளளவில் பாதிக்கு மேல் நிரம்பிவிடுகிறது. எஞ்சிய இடமும் முதல் மேட்டை ஏறி முடிப்பதற்குள் நிரம்பும். அவ்வாறு நிரம்பும்போது வெளிப்படும் வெப்பமும், ஏற்கெனவே வெப்பத்தால் துன்புறும் உடலின் அருகிலேயே சேரும். அதற்குப் பின் கம்பளி, காற்றோட்டத்தைத் தடுக்கும் ஒரு போர்வையாகவே நிற்கும்.

இங்கு ஒரு நியாயத்தைக் கூறுதல் வேண்டும். உடையின் வெப்பம் காக்கும் திறன், நாரின் பெயரைவிட அதன் கனத்தையும் அதில் தேங்கும் காற்றையுமே பெரிதும் பொறுத்தது. மெரினோ ஆட்டின் நுண்ணிய உரோமத்தால் பின்னப்படும் மெல்லிய சட்டைகள் இன்று கிடைக்கின்றன. அவை கனத்த கம்பளிபோல் வாட்டுவதில்லை, தோலையும் உறுத்துவதில்லை. நார் 30 மைக்ரானுக்கு மேல் தடித்தால்தான் உறுத்தல் தோன்றும். தக்காணத்துக் கருங்கம்பளி உறுத்துவதன் காரணம் இதுவே. ஆயினும் விலை மிகுந்த மெல்லிய மெரினோ சட்டை அமரவிளையில் செய்யும் வேலையை, தளர்வாகத் தைத்த மெல்லிய பருத்திச் சட்டை சிறு செலவில் செய்துவிடும். அருகிலுள்ள பாலராமபுரத்தில் நெய்யப்படும் மெல்லிய பருத்தித் துணி இத்தட்பவெப்பத்துக்கு இசைந்தது. பாலியெஸ்டர் மிகுந்த தடித்த துணி ஆவியையும் ஏற்காது, காற்றையும் எளிதில் விடாது. ஆகவே மாணவர் சீருடைக்குத் துணி தெரிவு செய்வோர் இதனைக் கருத்திற்கொள்வது நலம்.

ஈரம் மிகுந்த இடத்தில் கம்பளியைக் காப்பதும் எளிதன்று. அந்துப்பூச்சியின் புழுக்கள் கெராட்டினையே உணவாகக் கொள்பவை. மழைக்காலத்தில் பெட்டியில் வைத்த துணியில் பூஞ்சணமும் படரும். சூடான நீரில் காரச் சோப்பிட்டுக் கசக்கினால், செதில்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு துணி சுருங்கிவிடும்.

கம்பளிக்கு உரிய இடங்கள்

திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே கம்பளிக்கு ஓரிடம் உண்டு. சுமார் 1,100 மீட்டர் உயரமுள்ள பொன்முடியில் 2023 அக்டோபரில் ஆசிய மலை மிதிவண்டிப் போட்டி நடைபெற்றது. உயரம் ஆயிரம் மீட்டர் கூடும்போது வெப்பம் ஏறக்குறைய ஆறு அல்லது ஏழு டிகிரி குறைகிறது. மலை ஏறுபவர் வியர்த்து நனைகிறார். இறங்கும்போதோ மிதிக்காமலே வேகமாகச் செல்வதால் உடலில் வெப்பம் பிறப்பது குறைய, எதிர்க்காற்று நனைந்த உடையினூடே வெப்பத்தைப் பறிக்கிறது. நடுக்கம் கண்ட கை தடையை உறுதியாகப் பற்றாது. வளைவுகள் நிறைந்த பாதையில் இது உயிருக்கே ஆபத்தாகும். பிரெஞ்சு வீரர்களின் கம்பளிச் சட்டை ஆல்ப்ஸ், பிரனீஸ் மலைகளின் இறக்கத்தில் பயன்பட்டதும் இக்காரணம் பற்றியே.

நீலகிரி, கொடைக்கானல், மூணாறு போன்ற இடங்களில் பணிபுரியும் ஊழியருக்கு மெல்லிய கம்பளி உள்ளாடை மிகப் பொருத்தமானது. தேயிலைத் தோட்டங்களில் மழையிலும் பனியிலும் கொழுந்து பறித்த தமிழ்த் தொழிலாளர் கம்பளி போர்த்திச் சென்றதை இங்கு நினைவுகூரலாம். தொழிலாளருக்குக் குடை, கம்பளி, மழையுடை வழங்கச் செய்யும் விதிகளை இயற்ற 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் மாநில அரசுகளுக்கு இடமளித்தது.

நுண்ணிய உரோமம் நம் நாட்டில் கிடைப்பது அரிது. இந்தியக் கம்பளியின் பெரும்பகுதி கம்பளம் நெய்வதற்கே ஏற்றது. எனினும் நீலகிரியில் உள்ளூர் ஆடுகளையும் மெரினோ முதலிய அயல்நாட்டு ஆடுகளையும் கலந்து உருவான நீலகிரி இனம் நல்ல உரோமம் தருகிறது. அவ்வினத்தைக் காக்கும் பணி சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் நடைபெறுகிறது. 1962-இல் இராஜஸ்தானத்து அவிகாநகரில் நிறுவப்பட்ட மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டலக் கிளை கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் உள்ளது.

வகுப்பறைச் சோதனைகள்

ஆசிரியர்கள் இவ்வுண்மைகளை மாணவருக்கு எளிதில் காட்டலாம். பழைய கம்பளித் துணியையும் பருத்தித் துணியையும் சம எடையில் எடுத்து, இஸ்திரிப் பெட்டியால் மிதமாகச் சூடாக்கி உலர்த்தி, உடனே எடை காண்க. பின்னர் அவற்றை மழைநாள் இரவில் திறந்த அறையில் தொங்கவிட்டு, மறுநாள் மீண்டும் நிறுக்க. கம்பளியின் எடை பருத்தியினும் மிகுதியாகக் கூடியிருக்கும்.

இரண்டாவது சோதனைக்கு, அவ்விரு துணிகளையும் இறுக மூடிய டப்பாவில், சிறு கிண்ணத்தில் இட்ட நீற்றாத சுண்ணாம்போடு இரண்டு நாள் வைத்து நன்கு உலர்த்த வேண்டும். சுண்ணாம்பை ஆசிரியரே கையாள வேண்டும். அதன்மேல் நீர் படலாகாது. உலர்ந்த துணிகளை இரு வெப்பமானிகளின் குமிழ்களில் தனித்தனியே விரைந்து சுற்றி, உட்புறம் நனைந்த மைஒற்றுத்தாள் ஒட்டிய ஒரு சாடிக்குள் துணி நீரைத் தொடாதபடி தொங்கவிடுக. நீராவியை உறிஞ்சும் துணிகள் சூடேறுவதை வெப்பமானிகள் காட்டும். கம்பளி சுற்றியது பருத்தி சுற்றியதைவிட அதிகம் ஏறும். ஈரத்தால் பொருள் சூடாகும் என்பதைக் கண்ணாரக் காணும் மாணவர் அதனை எளிதில் மறவார்.

கள ஊழியர் கொள்ளத்தக்கவை

சமவெளியிலும் கடலோரத்திலும் பணிபுரிவோர் வெளிர்நிறமுள்ள, தளர்ந்த, மெல்லிய பருத்தி உடை அணிக. நனைந்த சட்டையை மாற்றிக்கொள்ள உலர்ந்த சட்டையொன்றைப் பையில் வைத்துக்கொள்க. மலைப்பகுதிக்குச் செல்வோர் ஏறும்போது மேலாடையைக் கழற்றிப் பையிலிட்டு, உச்சியை அடைந்ததும், இறங்குமுன் அணிந்துகொள்க. கம்பளியைக் குளிர்ந்த நீரில் மென்சோப்பிட்டுக் கசக்காமல் அலசி, நிழலில் பரப்பி உலர்த்துக. பெட்டியில் இடுமுன் நன்கு துலக்குக.

கோடையில் உடையை மட்டும் நம்பியிருத்தல் கூடாது. வெயிலில் உழைப்போருக்கு நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை ஓய்வளிக்குமாறு கேரளத் தொழில்துறை அண்மை ஆண்டுகளில் கோடைதோறும் ஆணையிட்டு வந்துள்ளது. மிதிவண்டியில் செல்லும் ஊழியரும் அந்நேரத்தை வீட்டுக்குள் முடிக்கத்தக்க பணிக்கு ஒதுக்குவது நன்று. தாகம் தோன்றுமுன் நீரோ உப்பிட்ட கஞ்சித்தண்ணீரோ அருந்துக. தலைச்சுற்றல், வாந்தி, பேச்சுத் தடுமாற்றம் ஆகியவை கண்டால் வண்டியை நிறுத்தி நிழலில் அமர்க. மயக்கமுற்றவரின் உடலை நீரால் நனைத்து, விசிறிக் காற்றுப் படச் செய்து, தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டு செல்க.

பிறநாட்டார் பட்டறிவைப் புறக்கணிப்பதும் அறிவுடைமை அன்று; அதனை ஆராயாமல் அப்படியே மேற்கொள்வதும் அறிவுடைமை அன்று. எவ்வுடையை யார் புகழ்ந்தாலும், நம் ஊர்க் காற்றில் இன்னும் எவ்வளவு ஆவிக்கு இடமுண்டு என்று முதலில் கேட்பவர், தமக்கும் தம்மிடம் பயில்வார்க்கும் ஏற்ற உடையைத் தாமே தேர்ந்துகொள்வர்.