முரட்டு வேலைக்கேற்ற பேனாக்கத்தி

மக்கள் கையாளும் கருவிகளுள் கத்தியினும் பழமை வாய்ந்தது காண்டல் அரிது. கல்லைச் சிம்பு சிம்பாய்ப் பெயர்த்து, அதன் கூரிய விளிம்பால் தோலும் ஊனும் அறுத்த நாள் தொட்டு இந்நாள்காறும் மனிதனது கை கத்தியை விட்டு நீங்கியதில்லை. அக்கத்தியை மடக்கிச் சட்டைப்பையிற் செருகிக்கொள்ளும் வகையே பேனாக்கத்தி எனப்படுவது. பறவையின் இறகைச் சீவி எழுதுகோலாக்கிய காலத்தில், அத்தொழிலுக்கு உதவிய சிறு கத்தி இப்பெயர் பெற்றது. இறகுப் பேனா வழக்கொழிந்தது. பெயர் மட்டும் நிலைத்தது. இன்று அக்கத்தி செய்யும் தொழில்களோ பல. கயிறு அறுத்தல், சாக்கின் தையல் பிரித்தல், அட்டைப்பெட்டி கிழித்தல், குச்சி சீவுதல், செடிக்குப் பதியன் வெட்டுதல், மாங்காய் நறுக்குதல் ஆகிய இவையனைத்தும் ஒரே நாளில் ஒரே கத்திக்கு நேர்தல் கூடும்.

இங்ஙனம் பயன்படுவதொரு பொருளை வாங்குவோருட் பலர் அதன் பளபளப்பையும் உறுப்புக்களின் எண்ணிக்கையையுமே நோக்கி வாங்குகின்றனர். பின்னர், முனை ஒடிந்தது என்றும், கூர் நில்லாது என்றும், மடங்கி விரலை அறுத்தது என்றும் வருந்துகின்றனர். ஆதலின், முரட்டு வேலைக்குரிய பேனாக்கத்தியை எவ்வெக் குணங்கொண்டு தேர்தல் வேண்டும் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் முரட்டு வேலை யாது என எல்லை வகுத்துக்கொள்ளுதல் நன்று. மேற்கூறிய தொழில்கள் யாவும் அறுத்தலும் சீவுதலுமே ஆம். தகரப்பெட்டியின் மூடியை நெம்புதல், திருகாணி திருகுதல், முதுகிற் சுத்தியால் அடித்து விறகு பிளத்தல் முதலியன கத்தியின் தொழில் அல்ல. மடங்கும் கத்தி எதுவும், அலகும் பிடியும் சேரும் இடத்தில் ஓர் ஆணியையே நம்பி நிற்பது. எத்துணை விலையுயர்ந்ததாயினும் அவ்வாணி உளியின் வேலையையும் கடப்பாரையின் வேலையையும் தாங்காது. இத்தகைய பணி அடிக்கடி நேருமாயின் மடங்காத கத்தியையும் உறையையும் நாடுதலே தக்கது.

இனி, எஃகின் இயல்பை நோக்குவாம். எஃகிற்குக் கடினம், உரம் என இரு குணங்கள் உள. கடினமாவது பிறிதொன்று தன்னைக் கீறவும் நசுக்கவும் இடங்கொடாமை. உரமாவது அடியும் வளைவும் பொறுத்து முறியாமை. கண்ணாடி கடினம் உடையது, உரம் இல்லாதது. பச்சைப் பிரம்பு உரம் உடையது, கடினம் இல்லாதது. கத்திக்கு இவ்விரண்டும் வேண்டும். ஆயின் ஒன்றை மிகுப்பின் மற்றொன்று குறைகின்றது. பழுக்கக் காய்ச்சிய எஃகை எண்ணெயிற் தோய்த்தால் அது மிக்க கடினம் பெறும். அந்நிலையில் எளிதில் முறியவுஞ் செய்யும். எனவே மீண்டும் அதனை மிதமான சூட்டிற் காய்ச்சி, கடினத்திற் சிறிது விட்டுக்கொடுத்து உரத்தைப் பெறுகின்றனர். இதுவே பதப்படுத்துதல் எனப்படும்.

கடினத்தை அளத்தற்கு ராக்வெல் அளவை என்பதொன்று உலகெங்கும் வழங்குகின்றது. சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் நிறுவனத்தார் செய்யும் பேனாக்கத்தியின் அலகு அவ்வளவையில் ஏறத்தாழ 56 நிற்கும். சமையலறையில் மெல்லிதாய் அரிதற்குச் செய்யப்படும் சில ஜப்பானியக் கத்திகள் 60-க்கு மேலும் செல்லும். பின்னவை நெடுநாள் கூர் மழுங்கா. ஆயின் எலும்பிலோ ஆணியிலோ பட்டால் வெட்டுவாய் சில்லுச் சில்லாய்ப் பெயரும். முன்னவை விரைவில் மழுங்கும். ஆயின் பெயர்தல் அரிது, கூராக்குதலும் எளிது. மழுங்கிய வாயைச் சிறுபொழுதிற் சீர் செய்யலாம்; பெயர்ந்த வாயைச் சீர் செய்ய அலகையே தேய்த்துக் குறைத்தல் வேண்டும். ஆதலின் முரட்டு வேலைக்கு நடுத்தரமான கடினமே நலம் என்பது எம் துணிபு.

அடுத்து எழும் வினா துருவைப் பற்றியது. 1913-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு ஷெப்பீல்டு நகரில் ஹாரி பிரியர்லி என்பார், நூற்றுக்கு ஏறக்குறைய 13 பங்கு குரோமியம் கலந்த எஃகை வார்த்தார். அது துருவை எதிர்த்து நின்றமை கண்டு, கத்தி செய்தற்கு உகந்தது என்றும் அறிந்தார். குரோமியம் காற்றிலுள்ள பிராணவாயுவுடன் கூடி, கண்ணுக்குப் புலனாகாத மெல்லிய போர்வையொன்றை எஃகின்மேல் அமைத்துக் காக்கின்றது. அஃதில்லாத பழைய கரி எஃகு எளிதிற் கூராகும். ஆயின் எலுமிச்சையோ மாங்காயோ பட்டவுடன் கறுக்கும். ஈரத்துடன் வைப்பின் செந்துரு ஏறும். கறுப்பினால் கேடில்லை, செந்துருவே அலகை அரிப்பது. கடற்கரையூரில் வாழ்வோரும், துடைக்கும் வழக்கமில்லாதாரும் துருவேறாத எஃகையே கொள்க. நாடோறும் துடைத்துச் சிறிது தேங்காயெண்ணெய் தடவும் பொறுமையுடையார் கரி எஃகால் நல்ல பயன் பெறுவர்.

அலகின் வடிவிலும் கருத்து வேண்டும். மூன்று அங்குல அளவான அலகு பெரும்பாலான வேலைக்குப் போதும். முனை ஊசிபோல் மெலிந்திருப்பின் முதலில் ஒடிவது அதுவே. முதுகு தடித்திருந்தால் மட்டும் கத்தி வலியதாகும் என எண்ணுதல் பிழை. தடித்த அலகு பழத்தை அறுப்பதற்கு மாறாகப் பிளக்கும். குச்சியில் ஆழ இறங்காது. இறங்காமையின் நாம் மிகுதியாய் அழுத்துவோம். மிகுதியாய் அழுத்திய கையே தவறிக் காயமுறுவது. வெட்டுவாயின் இருபுறமும் புறத்திற்கு ஏறத்தாழ 20 பாகைச் சாய்வு அமைவது முரட்டு வேலைக்கு ஏற்றது.

இவையனைத்தினும் இன்றியமையாதது கீல். பேனாக்கத்திகள் பலவற்றில் முதுகுப்புறத்தில் ஒரு வில் அமைந்து, அலகை விரித்த நிலையில் அழுத்திப் பிடிக்கும், பூட்டி வைக்காது. இழுத்து அறுக்குங்கால் இதனால் இடர் இல்லை. முனையாற் குத்தித் துளைக்குங்காலோ, அலகு பின்னோக்கி மடங்கி விரல்களின்மேல் வீழும். விரலை மடக்கும் நரம்புநாண்கள் உள்ளங்கைப் புறத்தில் தோலுக்கு அண்மையில் ஓடுவன. அவை அறுபடின் அறுவை மருத்துவரே தைத்துச் சேர்த்தல் வேண்டும். கையால் உழைத்து உண்பான் ஒருவனுக்கு அது பல வாரப் பிழைப்பை இழத்தலாகும்.

இவ்விடரை நீக்கிய எளிய முறையொன்று பிரான்சு தேசத்துச் சவாய் மலைநாட்டிலே தோன்றியது. ஆங்கு ஜோசப் ஓப்பினெல் என்னும் இளைஞர் 1890-ஆம் ஆண்டில் மரப்பிடியும் ஓர் அலகுமே உடைய கத்தியொன்றை அமைத்தார். 1955-ஆம் ஆண்டில் அக்கத்தியின் கழுத்தில், கையால் திருப்பத்தக்க பிளவுள்ள வளையம் ஒன்று சேர்க்கப்பட்டது. வளையத்தைத் திருப்பினால் அலகு மடங்காது நிற்கும். சுருக்கமான அமைப்பாதலின் பழுது குறைவு, விலையும் சிறிது. குறையும் ஒன்றுண்டு: மழையில் நனையின் மரம் பருத்து அலகு இறுகிக்கொள்ளும். வேறு சில கத்திகளில் பிடியின் உட்தகடே வில்லாய் வளைந்து அலகின் அடியில் முட்டுக் கொடுக்கும். எவ்வகைப் பூட்டாயினும் வாங்கும்போது அலகை விரித்துப் பக்கவாட்டில் மெல்ல அசைத்துப் பார்க்க. ஆட்டம் காணின் விடுக. பூட்டு உண்டென்று கத்தியைக் கண்டபடி குத்துதலும் தகாது.

பூட்டினைப் பற்றிச் சட்டமும் பேசுவதுண்டு. இங்கிலாந்தில் 1988-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மூன்று அங்குலத்திற்கு மேற்படாத, பூட்டில்லாத மடக்குக்கத்தியைக் காரணங் கூறாமலே பொதுவிடத்திற் கொண்டு செல்லலாம். பூட்டுள்ளதாயின் தக்க காரணம் வேண்டும். வெளிநாடு செல்வோர் அவ்வந்நாட்டு விதியை அறிந்து செல்லுதல் கடன்.

உறுப்புக்கள் பல உள்ள கத்தியே சிறந்தது என்பாரும் உளர். சுவிட்சர்லாந்து தன் படைவீரர்க்கு 1891-ஆம் ஆண்டில் வழங்கிய கத்தியில் உறுப்புக்கள் நான்கே: அலகு, துளையூசி, தகரம் திறப்பது, திருகுளி. தகரத்தில் அடைத்த உணவைத் திறக்கவும், துப்பாக்கியைக் கழற்றிப் பூட்டவும் அவை வீரனுக்கு வேண்டியிருந்தன. தேவையே உறுப்பைத் தந்தது. அவ்வாறே நாமும் நம் தேவையை எண்ணிக் கொள்ளல் வேண்டும். பயன்படாத உறுப்பு ஒவ்வொன்றும் பிடியைப் பருக்கச் செய்து கையை வருத்தும். நால்விரலும் பொருந்தப் பற்றுதற்கேற்ற பிடியே நற்பிடி. அதன் நிறம் சிவப்போ மஞ்சளோ ஆயின், புல்லில் வீழ்ந்த கத்தியைத் தேடி எடுத்தலும் எளிது.

இறுதியாக, கத்தியுடன் சாணைக்கல்லும் வாங்குக. ஒருபுறம் பருவெட்டும் மறுபுறம் நுண்மையும் உள்ள கல்லில் நீர் தெளித்து, சாய்வு மாறாமல் ஒருபுறம் தேய்க்க மறுபுறத்தில் மெல்லிய பிசிறு எழும். அதன்பின் மறுபுறம் தேய்த்து, நுண்கல்லில் முடித்து, தோல்வாரில் இழுத்தல் போதும். சுழலும் சக்கரத்தில் நீரின்றிப் பிடிப்பதாயின் விழிப்பு வேண்டும். வெட்டுவாயில் நீலநிறம் ஏறுமளவு சூடேறின், அவ்விடத்துக் கரி எஃகின் பதம் கெட்டது என்று அறிக. மழுங்கிய கத்தி தீங்கு செய்யாது என்பது உலகோர் மயக்கம். அதுவே மிக்க அழுத்தத்தை வேண்டி வழுக்கிக் கையை வெட்டுவது.

சுருங்கக் கூறின், முறியாத உரமும், தம் கையாலேயே கூராக்கத்தக்க கடினமும், ஆடாத கீலும், கைக்கிசைந்த பிடியும் உடைய எளிய கத்தியே முரட்டு வேலைக்குரியது. எல்லா நலங்களும் ஒருங்கே மிக்க கத்தி எக்கடையிலும் இல்லை. ஆதலின் விலையை வினவுமுன் வேலையை வினவி, அதற்கு வேண்டும் நலத்தைக் கொண்டு, வேண்டாததை விடுதலே அறிவுடைமை. அங்ஙனம் தேர்ந்து பேணிய சிறு கத்தி பல்லாண்டு நம் பையிலிருந்து பணி புரியும் என்பதில் ஐயமில்லை.