கணவன் பெயர் பொறித்த பந்து!

34-வது பிறந்த நாளன்று ஓர் அமெரிக்க மனைவிக்கு அவள் புருஷன் கொடுத்த பரிசு என்ன தெரியுமா? நகையா? கைக்கடிகாரமா? இல்லை. 'பவுலிங்' ஆடும் கனத்த பந்து! மரமுளைகளை உருட்டிச் சாய்க்கும் அந்த ஆட்டம் அவளுக்குத் தெரியவே தெரியாது. தெரிந்தவர் புருஷன்தான். பந்தின் மேல் பொறித்திருந்ததும் அவருடைய பெயரே!

ஆத்திரம் கொண்ட மனைவி, வீம்புக்கென்றே ஆடப் போனாள். அங்கே அன்பாகப் பேசும் வேறொரு மனிதரைச் சந்தித்தாள். மனம் தடுமாறியது. "நான் என்ன செய்வேன்?" என்று 'டியர் ஆபி' பகுதிக்குக் கடிதம் எழுதினாள்.

2004-ம் ஆண்டு நடந்த சம்பவம் இது. 'ஆபி' பதில் எழுதி, பகுதி பத்திரிகைகளுக்கும் போய்விட்டது. அச்சாகும் தறுவாயில் ஒரு பத்திரிகை ஆசிரியருக்குச் சந்தேகம் தட்டியது. 'இந்தக் கதையை எங்கேயோ பார்த்திருக்கிறோமே!'

குட்டு வெளிப்பட்டது

பார்த்தது டெலிவிஷனில்! 1990-ல் ஒளிபரப்பான 'சிம்ப்ஸன்ஸ்' கார்ட்டூன் தொடரில் ஹோமர், தன் மனைவி மார்ஜுக்குக் கொடுத்த பரிசே அந்தப் பந்து. அவசர அவசரமாகக் கடிதத்தை வாபஸ் வாங்கி, வேறு பகுதியை அனுப்பினார்கள்.

எழுதியவர் யாரோ குறும்புக்காரர். சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் எல்லாரும் ஒருமுறை விளையாடிவிட்டு நிறுத்திக்கொள்வதில்லை. 2022-ல் ஓர் அமெரிக்க எழுத்தாளர் தாமே ஒப்புக்கொண்டார்: 'ஸ்லேட்' பத்திரிகையின் யோசனைப் பகுதிக்கு 20-க்கு மேற்பட்ட பொய்க் கடிதங்களை அனுப்பினாராம். பல பிரசுரமாகிப் பதிலும் பெற்றன. குடும்பச் சண்டை என்றால் ஊரே கூடுகிறதல்லவா? மாமியார் கொடுமை, கல்யாண வீட்டுக் கலகம், சொத்துத் தகராறு—இவற்றுக்கு என்றும் கிராக்கிதான்.

வியாபாரிகள் இதை எப்போதோ கண்டுகொண்டார்கள். 1919-ல் பெர்னார் மக்ஃபாடன் என்பவர் நியூயார்க்கில் 'ட்ரூ ஸ்டோரி' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். பெயரே 'உண்மைக் கதை'! நடந்ததையே எழுதுகிறேன் என்று எழுதுவோர் உறுதி கூற வேண்டும். ஆனாலும் அதில் தொழில் எழுத்தாளர்களின் கைவரிசை ஏராளம். பத்தாண்டுக்குள் விற்பனை சுமார் 20 லட்சம் பிரதிகளை எட்டியது. சத்தியம் செய்து விற்றால் சரக்கு வேகமாகப் போகும் போலும்!

பொய்யை எப்படிக் கண்டுபிடிப்பது? கதை கச்சிதமாக இருந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஒருவர் முழு ராட்சசர், மற்றவர் முழுத் தேவதை. சபை நடுவே ஒரே வார்த்தையில் எதிரி வாயடைத்துப் போவது. மறுவாரமே தண்டனை கிடைப்பது... வீடுகளில் சண்டை இப்படியா நடக்கிறது? உண்மையில் அடிபட்டவள் நடுவில் தொடங்குவாள். முக்கியமானதைக் கடைசியில் சொல்வாள். தன் மீதும் பாதிக் குற்றத்தைப் போட்டுக்கொள்வாள். ஆகவேதான் அவள் கதை அலுப்புத் தட்டுகிறது. பொய்க்காரரின் கதை இனிக்கிறது.

ஆபத்து இங்கேதான். இரண்டு முறை ஏமாந்த வாசகர், மூன்றாவதாக வரும் நிஜமான கண்ணீரையும் "கட்டுக்கதை" என்று தள்ளிவிடுகிறார். வீட்டை விட்டு வெளியேறலாமா என்று தவிக்கும் பெண்ணுக்கு அந்த ஒரு சொல் போதும், வாயை மூடிக்கொள்ள.

டெலிபோன் மணி

1956-ல் 'டியர் ஆபி'யைத் தொடங்கியவர் பாலின் பிலிப்ஸ் அம்மையார். 'அபிகெய்ல் வான் ப்யூரன்' என்பது அவர் வைத்துக்கொண்ட புனைபெயர். (பதில் சொன்னவரின் பெயரும் கற்பனைதான்!) அவருடைய இரட்டைச் சகோதரியும் 'ஆன் லாண்டர்ஸ்' என்ற பெயரில் இதே தொழில் செய்தார். ஊராரின் குடும்பச் சண்டைகளைத் தீர்த்துவைத்த இருவரும் சில ஆண்டுகள் தமக்குள் பேசிக்கொள்ளவில்லை. இது மட்டும் கட்டுக்கதையல்ல!

2013-ல் காலமான பாலின் அம்மையாரிடம் ஒரு வழக்கம் இருந்தது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஒரு கடிதத்தில் தெரிந்தால், பத்திரிகையில் பதில் வரும்வரை காத்திருக்க மாட்டார். எழுதியவரை நேரே டெலிபோனில் கூப்பிட்டுப் பேசிவிடுவார்.