கர்னல் வேக எவ்வளவு நேரம்?

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் பொம்மையோ ஃபியூஸ் கேரியரோ சூளைக்குள் போய்விட்டால், வெந்து ஆறும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் கர்னலைக் கம்பைல் செய்வதும் அந்த ரகம்தான்.

கர்னல் என்பது இயங்குதளத்தின் உட்கரு. சி மொழியில் எழுதிய அதன் மூலநிரலைச் சிப்புக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றுவதே கம்பைல். 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட முதல் லினக்ஸ் கர்னல் சுமார் 10,000 வரிதான். 1994-ல் வந்த 1.0 பதிப்பில் சுமார் 1,76,000 வரிகள். அக்காலத்து 486 கம்ப்யூட்டரில், அதுவும் நினைவகம் 4 எம்.பி. மட்டும் என்றால், கம்பைல் மணிக்கணக்கில் ஓடும். ராத்திரி போட்டுவிட்டுக் காலையில் வந்து பார்ப்பவர்கள் உண்டு. நடுவில் கரண்ட் போனால்? பெரும்பாலும் பயமில்லை. ‘மேக்’ என்ற கருவி, முடிந்த கோப்புகளை விட்டுவிட்டு மீதியைத் தொடரும். சூளைக்கு இந்தச் சலுகை கிடையாது!

இன்றோ கர்னல் 3 கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. ஆனாலும் பல கோர் உள்ள புதிய மெஷின் சில நிமிடங்களில் முடித்துவிடும்.

2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில், சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளமும் வந்தது. அப்படி ஒன்று வீட்டில் இன்னும் ஓடுகிறதா? அதில் கம்பைல் செய்வதென்றால் முழுக் கர்னலோடு மல்லுக்கட்டாதீர்கள். முதலில் ‘மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்’ என்ற கட்டளையைக் கொடுங்கள். அப்போது பயன்பாட்டில் உள்ள டிரைவர்களை, அதாவது கருவிகளை இயக்கும் நிரல்களை மட்டும் அது எடுத்துக்கொள்ளும். பென்டிரைவ், பிரிண்டர் எல்லாவற்றையும் முன்னதாகவே செருகி வையுங்கள், இல்லாவிட்டால் அவற்றின் டிரைவர் விடுபட்டுப் போகும்.