குடும்ப வழக்கில் வக்கீலும் கட்சிக்காரரும்

வக்கீல் வீட்டுப் படியேறாதிருத்தலே குடிப்பெருமை என்று கருதும் இல்லங்கள் நம்மிடையே இன்றும் பல உள. நிலவழக்கிற்குச் செல்வோரை ஊரார் பொறுப்பர். கணவன் மனைவியர் பிணக்கிற்காகச் செல்வோரை, அதிலும் பெண்ணொருத்தி செல்வாளாயின், அங்ஙனம் பொறுப்பதில்லை. அதனாலேயே அவ்வறையினுள் நடப்பது யாது என்பது படித்தோர்க்கும் தெரியாது போகின்றது. எம்மிடம் பயின்ற பழைய மாணவி ஒருத்தி, கணவனைப் பிரிந்த காலத்தில், தந்தை நோய்வாய்ப்பட்டிருந்தமையால், தன்னுடன் துணைக்கு வருமாறு எம்மை அழைத்தாள். ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு யாம் அவளுடன் சென்று வந்தோம். யாம் சட்டம் பயின்றவரல்லோம். கட்சிக்காரர்க்குப் பக்கத்து நாற்காலியில் அமர்ந்து கண்டவற்றையும் கேட்டறிந்தவற்றையும், அவள் இசைவு பெற்று, பெயரும் ஊரும் விடுத்து, ஈண்டு எழுதுகின்றோம்.

முதலில் அவள் சென்றது உறவினர் ஒருவர் காட்டிய வக்கீலிடம். அவர் கால்மணி நேரங்கூடக் கேளாமல், கணவன், மாமியார், வெளியூரில் குடும்பம் நடத்தும் நாத்தனார் ஆகிய மூவர்மீதும் மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுக்குமாறும், கொடுத்தால் ஒரு வாரத்தில் அவர்கள் வழிக்கு வருவர் என்றும் கூறினார். நாத்தனாரோ இவளுக்கு ஒரு தீங்கும் செய்தவளல்லள். கொடுமைக்கு உள்ளாகும் மனைவியரைக் காத்தற்கென இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 498அ என்றிருந்து, இன்று பாரதிய நியாய சன்ஹிதாவில் 85 ஆக விளங்கும் பிரிவு மெய்யாகவே துன்புற்றார்க்கு ஓர் அரண். அதனைப் பேரம் பேசும் கருவியாக்கினால் அவ்வரணே வலுவிழக்கும். இத்தகைய புகார்களில் காரணம் ஆராயாது கைது செய்தல் கூடாதென 2014-இல் உச்சநீதிமன்றம் அர்னேஷ் குமார் வழக்கில் வரையறுத்ததும் இதுபற்றியே. எம் மாணவி உடன்படவில்லை. வேறு வக்கீலை அமர்த்த விரும்பிக் காகிதங்களைக் கேட்டபொழுது, மீதிக் கட்டணம் வந்தாலன்றிக் கட்டு வெளியே வாராது என்றனர்.

இவ்விடத்தில் பலர் மனமுடைந்து, பிடிக்காத வக்கீலிடமே தங்கி விடுகின்றனர். அங்ஙனம் தங்க வேண்டுவதில்லை. வழக்குக் கட்டைக் கட்டணத்திற்கு ஈடாகப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமையில்லையென 2000-இல் ஆர். டி. சக்சேனா என்பார் வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்த்திருக்கின்றது. கட்டணப் பாக்கி வேறு, காகிதம் வேறு. புதிய வக்கீல் இதனைக் குறித்து இரண்டு வரி எழுதியனுப்ப, மூன்றாம் நாள் கட்டு வந்து சேர்ந்தது.

அப்புதிய வக்கீல் ஐம்பது வயது கடந்த அம்மையார். முதல் நாள் அவள் அழுதழுது சொன்னதை ஒரு மணி நேரம் இடைமறியாது கேட்டார். கேட்டு முடித்தபின், “நீங்கள் இருவரும் கணவன் மனைவியாகக் கடைசியாக வாழ்ந்த நாள் எதும்மா?” என்று வினவினார். அவள் திகைத்தாள். வெளியே வந்ததும், “அந்த அம்மாவுக்கு நெஞ்சே கிடையாது ஐயா, இவ்வளவு சொல்லியும் தேதியைக் கேட்கிறார்” என்று வருந்தினாள். எமக்கும் அன்று அவ்வாறே தோன்றிற்று.

தேதி கேட்டதன் காரணம் பின்னரே விளங்கியது. 1955 ஆம் ஆண்டு இந்து விவாகச் சட்டத்தின் 13ஆ பிரிவின்படி இருவரும் ஒருமனப்பட்டு விவாகரத்துக் கோருவதாயின், அதற்குமுன் ஓராண்டேனும் பிரிந்து வாழ்ந்திருத்தல் வேண்டும். பிரிந்து வாழ்தல் என்பது வீட்டை விட்டுச் செல்லுதல் மட்டுமன்று; ஒரே கூரையின்கீழ் இருந்தும் கணவன் மனைவியராக வாழாதிருத்தலும் பிரிவே என 1991-இல் சுரேஷ்டா தேவி வழக்கில் உச்சநீதிமன்றம் விளக்கியது. எம் மாணவி பெட்டியுடன் வெளியேறியது பங்குனியில். அதற்கு நான்கு மாதம் முன்னரே இருவரும் பேச்சற்று வேறு வேறு அறைகளில் இருந்தனர். அவளுக்கு அந்நான்கு மாதம் வெறுந் துயரம், வக்கீலுக்கோ கணக்கு. (நம் வாசகருள் கிறிஸ்தவர் பலர் ஆதலின் ஒன்று கூறுவோம்: அவர்க்குரியது 1869 ஆம் ஆண்டுச் சட்டம். கணவனும் மனைவியும் இசைந்து பிரியும் வழி அதில் 2001-இல்தான் சேர்க்கப்பட்டது. பிரிந்து வாழ வேண்டிய காலமும் ஈராண்டு என எழுதப்பட்டது. திருமணம் எச்சட்டப்படி நடந்ததோ அதனை முதலிலேயே வக்கீலிடம் சொல்லுதல் நலம்.)

பின்னர் அம்மையார் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிவரச் செய்து, இடப்பக்கத்தில் நாளும் வலப்பக்கத்தில் அந்நாளுக்குரிய காகிதமும் குறிக்கச் சொன்னார். திருமண அல்பத்தையும் மொய்ப் புத்தகத்தையும் கொண்டுவரச் சொன்னார். அல்பத்தை எடுத்து வருதல் அவளுக்குப் பெருந் துன்பமாயிற்று. இரண்டு வாய்தாக்கள் அதற்காகவே தாழ்த்தினாள். பெற்றோர் இட்ட நகை 42 பவுன். அதில் 17 பவுனுக்கே கடை ரசீது இருந்தது. எஞ்சியவை அவள் பாட்டியின் நகைகள். மணமேடையில் அவள் கழுத்திலும் கையிலும் அவை விளங்கிய படங்களே சான்றாயின. மனைவியின் சீதனம் கணவன் வீட்டில் இருப்பினும் அவளுடைய தனியுடைமையே என்பது 1985-இல் பிரதிபா ராணி வழக்கில் உறுதிப்பட்டது. உடைமை அவளுடையதுதான், எனினும் இருந்தது என்று காட்டுதல் வேண்டுமன்றோ!

நிற்க. இவ்வனுபவத்தில் எம் உள்ளத்தை மிகவும் உறுத்திய நிகழ்ச்சி ஒன்றுண்டு. ஜீவனாம்சம் கோருவோரும் கொடுக்க வேண்டியோரும் தத்தம் வருவாய், சொத்து, கடன் யாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் வெளியிடல் வேண்டும் என 2020-இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா என்னும் வழக்கில் உச்சநீதிமன்றம் பணித்தது. ஜீவனாம்சம் மனு அளித்த நாள் முதல் கணக்கிடப்படும் என்று கூறியதும் அத்தீர்ப்பே. அம்மையார் பத்திரத்தை ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டி, “வேறு வருமானம் ஏதாவது உண்டாம்மா?” என்று கேட்டார். அவள் இல்லையென்றாள். யாம் பக்கத்தில் இருந்தோம். மாலையில் அவள் பத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி மாதம் 8,000 ரூபாய் பெறுவதை அறிந்திருந்தும் வாய் திறவாதிருந்தோம். சிறு தொகைதானே, இதனால் யாது கேடு என்று எண்ணியது எம் பிழை.

எதிர்க்கட்சியின் பதிலுரையில் அது வந்தது, பிள்ளைகளின் பெற்றோர் பணம் அனுப்பிய விவரங்களுடன். அம்மையார் சினந்து பேசவில்லை. “நீங்கள் சம்பாதிப்பது குற்றமில்லைம்மா. அதை அவர்கள் வக்கீல் சொல்லி நான் கேட்டதுதான் குற்றம்” என்றார். 8,000 ரூபாயை முன்னரே காட்டியிருந்தால், கணவன் துணையின்றிக் குழந்தையைக் காக்க உழைக்கும் தாய் என்ற பெயர் கிடைத்திருக்கும். மறைத்தமையால் பொய்யுரைப்பவள் என்ற பெயர் கிடைத்தது. கூடுதல் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்யவும், வருத்தந் தெரிவிக்கவும், இரண்டு வாய்தாக்கள் கடந்தன. கேட்ட 15,000 ரூபாயில் இடைக்காலமாகக் கிடைத்தது 9,000. இத்தனைக்கும், கட்சிக்காரர் தம்மிடம் கூறியதை அவர் இசைவின்றி வக்கீல் வெளியிடலாகாது என்பது 1872 ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்திலேயே இருந்த விதி. இன்றைய பாரதிய சாக்ஷ்ய அதிநியத்திலும் தொடர்கின்றது. வைத்தியரிடம் நோயை மறையாதவர்கூட வக்கீலிடம் மறைக்கின்றனர். தம் வழக்கைத் தாமே நடத்தும் எண்ணம் உள்ளூர இருப்பதே காரணம் போலும்.

இரண்டாவது பிணக்கு மகனைப் பற்றியது. ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என 1956 ஆம் ஆண்டுச் சட்டம் கூறும். பையனுக்கு ஆறு முடிந்திருந்தது. இனி அவன் தந்தைக்கே உரியன் என யாரோ சொல்ல, அவள் நடுங்கி, தந்தை பார்க்க வரும்பொழுதெல்லாம் குழந்தைக்குக் காய்ச்சல் என்று சொல்லியனுப்பினாள். அதே சட்டத்தின் 13 ஆம் பிரிவு குழந்தையின் நலமே தலையாயது என்று விதித்திருப்பதை அம்மையார் எடுத்துக் காட்டி அச்சத்தைப் போக்கினார். ஆனால் அத்துடன் விடவில்லை. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை மகனைத் தந்தையிடம் அனுப்புவதாக அவளே முன்வந்து எழுதித் தர வேண்டும் என்றார். “நீங்கள் எனக்கு வக்கீலா, அவருக்கு வக்கீலா?” என்று கேட்டுவிட்டு எழுந்து வந்தாள். மூன்று வாரம் போகவில்லை. யாமும் அன்று அவள் பக்கமே நின்றோம். இன்று நினைக்குங்கால் அம்மையார் செய்ததே சரியென்று காண்கின்றோம். கேட்டதையெல்லாம் எழுதித் தரும் வக்கீல் கிடைத்தல் அரிதன்று. கேட்கப் பிடிக்காததைச் சொல்லிவிட்டு, கட்சிக்காரர் திரும்பி வரும்வரை காத்திருப்பவர் அரியர்.

நீதிமன்றத்தில் கட்சிக்காரரே பேச வேண்டியிருந்தது அவளுக்கு வியப்பாயிற்று. 1984 ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டப்படி வக்கீல் வைத்தல் ஒருவர்க்கு உரிமையாக அமைவதன்று. நீதிபதியின் இசைவு வேண்டும். இசைவு பெரும்பாலும் கிடைக்கின்றது. ஆயினும் ஆலோசகர் அறையினுள் வக்கீல் வரவில்லை. அவள் தனியே சென்றாள். அதற்கு முதல் நாள் அம்மையார் கற்பித்தது மிகச் சிறிது: கேட்டதற்கு மட்டும் விடை கூறுக, அழுகை வந்தால் அழுக, கணவனின் தாயைப் பழிக்காதே. கைப்பேசி பற்றியும் ஒன்று சொன்னார். இரவு பத்து மணிக்குமேல் கணவர்க்கு எழுதத் தோன்றும் செய்திகளைத் தமக்கு அனுப்புமாறும், தாம் அவற்றைப் படிக்கப் போவதில்லை என்றும்! குடும்ப நீதிமன்றம் எந்தக் காகிதத்தையும் செய்தியையும் பயனுடையதாகக் கருதினால் சான்றாக ஏற்கலாம். நள்ளிரவுச் சினம் பகலில் உரக்கப் படிக்கப்படும்.

கட்டணத்தை அம்மையார் முதலிலேயே எழுதிக் கொடுத்தார். ஒவ்வொரு முறையும் ரசீது தந்தார். கிடைக்கும் பணத்தில் இத்தனை பங்கு என்று பேசுதல் வக்கீல் மன்ற விதிப்படி தகாது என்பதை வாசகர் அறிந்திருத்தல் நன்று. வருவாய் எவ்வளவாயினும் பெண்கள் 1987 ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவச சட்ட உதவி பெறலாம். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் ஒரு மனு எழுதினால் போதும். அது ஏழைகட்கே உரியது என்று எண்ணி அவள் கேளாதிருந்தாள்.

சனிக்கிழமை ஏற்பாடு நான்கு மாதம் தவறாது நடந்தபின், கணவரின் மாமா சமரசம் பேச வந்தார். இருவர்க்கும் ஒரே வக்கீல் போதும், செலவு குறையும் என்றார். அம்மையார் புன்னகையுடன் மறுத்து, கணவர் தமக்கெனத் தனி வக்கீலை வைத்துக்கொள்ளட்டும் என்றார். நகை திரும்பியது, மகன் படிப்பிற்கு மாதந்தோறும் ஒரு தொகை உறுதியாயிற்று, இருவரும் சேர்ந்து மனு அளித்தனர். அதன்பின் ஆறு மாதம் காத்திருக்க வேண்டுமென்பது சட்டம். தக்க காரணமிருப்பின் நீதிமன்றம் அதைத் தளர்த்தலாமென 2017-இல் அமர்தீப் சிங் வழக்கில் தீர்ப்பாயிற்று. தளர்த்தக் கேட்போமா என்று அவள் விரைந்தாள். வேண்டா, எழுதிய ஏற்பாடு பள்ளி விடுமுறையிலும் தீபாவளியிலும் நிற்கின்றதா என்று பார்த்துவிடுவோம் என்றார் அம்மையார். தீபாவளியன்று சிறு பூசல் எழுந்தது; மனுவில் ஒரு வரி சேர்க்கப்பட்டது.

ஆணை கிடைத்த அன்று இருவரும் படியிறங்கி வெவ்வேறு பக்கம் சென்றனர். மறுவாரம் அவள் சான்றிட்ட நகல்கள் மூன்று வாங்கினாள். வைப்பு நிதியிலும் காப்பீட்டிலும் வாரிசுப் பெயரை மாற்றினாள். ஒரு நகலைப் பள்ளியில் கொடுத்தாள். அல்பத்தைத் திரும்ப வாங்க மட்டும் அவள் போகவில்லை. யாம் போய் வாங்கி வந்தோம். அது எம் வீட்டுப் புத்தக அடுக்கில் உள்ளது.