களத்துக்குத் திரும்பியவர்கள் – 9: பெயர் கிடைக்காத களைப்பு

2011 ஆகஸ்ட் 31. நியூயார்க்கில் யு.எஸ். ஓப்பன் நடந்துகொண்டிருந்தது. அன்று இரண்டாவது சுற்றில் ஜெர்மனியின் சபின் லிசிக்கியை எதிர்த்து வீனஸ் வில்லியம்ஸ் இறங்க வேண்டும். இரண்டு நாள் முன்புதான் முதல் சுற்றில் வெஸ்னா டொலோன்ட்ஸை நேர் செட்களில் தோற்கடித்திருந்தார். ஆட்டத்துக்குச் சற்று முன்னால் அறிவிப்பு வந்தது: வீனஸ் விலகிக்கொள்கிறார். முழங்கால், இடுப்பு, மணிக்கட்டு என்று வழக்கமான காரணம் எதுவும் இல்லை. ஷோகிரென் என்று ஒரு நோயைச் சொன்னார்கள். விளையாட்டுப் பக்கங்களில் அதிகம் அடிபடாத பெயர்.

அந்த அறிக்கையில் அவர் சொன்ன ஒரு விஷயம்தான் என்னை நிறுத்தியது. என்ன நோய் என்று கடைசியில் தெரிந்துவிட்டதற்காக அவர் நன்றி சொல்லியிருந்தார். முழுமையாகக் குணப்படுத்த மருந்தே இல்லாத நோய் அது. அப்படி ஒன்று தன் உடம்பில் இருப்பதாகத் தெரியவரும்போது ஒருவர் நன்றி சொல்கிறார் என்றால், அதற்கு முந்தைய ஆண்டுகள் அவருக்கு எப்படிப் போயிருக்க வேண்டும்!

சென்ற வாரம் தாமஸ் மஸ்டரைப் பார்த்தோம். 1989-ல் மியாமியில் குடிபோதையில் ஒருவர் ஓட்டிவந்த கார் அவர் முழங்காலைச் சிதைத்தது. 1995-ல் பாரிஸில் பிரெஞ்சு ஓப்பன் கோப்பையைத் தூக்கினார். அடிபட்ட நாள், அறுவை சிகிச்சை, எழுந்து வந்த நாள் என்று அவருடைய கதைக்கு ஒரு கணக்கு உண்டு. வீனஸின் கதையில் அந்தக் கணக்கு உதவாது. எந்த நாளில் நோய் தொடங்கியது என்று அவருக்கே தெரியாது. முடிந்த நாள் என்று ஒன்று வரப்போவதும் இல்லை. அதைக் கூடவே வைத்துக்கொண்டுதான் அவர் திரும்பி வந்தார்.

காம்ப்டனில் வளர்ந்த பெண், தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தது 1994 அக்டோபரில், 14 வயதில், ஓக்லாந்தில். இரண்டாவது ஆட்டத்திலேயே உலகின் முன்னணி வீராங்கனை அரான்ட்சா சான்செஸ் விகாரியோவை எதிர்த்து ஒரு செட்டைக் கைப்பற்றி, அடுத்ததில் 3-1 என்று முன்னேறினார். அதன் பிறகு ஒரு கேம் கூட கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம். 2000-ல் இரண்டு மணிக்கட்டிலும் தசைநார் அழற்சி. ஆண்டின் முதல் மாதங்கள் வீணாகின. மே மாதம் திரும்பியவர் விம்பிள்டன், யு.எஸ். ஓப்பன், சிட்னி ஒலிம்பிக்கில் ஒற்றையர், இரட்டையர் தங்கம் என்று அள்ளினார். தொடர்ந்து 35 வெற்றி. 2002 பிப்ரவரியில் உலகின் முதலிடம். 2003 விம்பிள்டன் இறுதி ஆட்டத்தை வயிற்றுத் தசை காயத்தோடு ஆடித் தங்கை செரீனாவிடம் தோற்றார். அதே செப்டம்பரில் மூத்த சகோதரி காம்ப்டனில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2005-ல், இனி அவ்வளவுதான் என்று பலர் எழுதி முடித்த பிறகு, 14-வது இடத்தில் வைக்கப்பட்டு விம்பிள்டன் இறுதிக்கு வந்து, லிண்ட்சே டேவன்போர்ட்டின் மேட்ச் பாயின்ட் ஒன்றைத் தாண்டி, 2 மணி 45 நிமிடம் போராடி வென்றார்.

காயத்திலிருந்து எழுந்து வருவது வீனஸுக்குப் பழக்கமான வேலைதான். மணிக்கட்டு வீங்கினால் ஸ்கேனில் தெரியும். டாக்டர் இத்தனை வாரம் ஓய்வு என்பார். ஓய்வு முடிந்தால் பயிற்சி.

2007-ல் வந்தது வேறு மாதிரி. அந்த ஆண்டு அவர் தரவரிசையில் 31-ல் இருந்துகொண்டே விம்பிள்டனை வென்றார். ஆண் சாம்பியனுக்குச் சமமான பரிசுத் தொகையை அங்கே வாங்கிய முதல் பெண் என்ற பெருமையும் சேர்ந்தது. அந்தச் சமத்துவத்துக்காக வாதாடியவரும் அவர்தான். யு.எஸ். ஓப்பனில் மணிக்கு 207 கிலோமீட்டர் வேகத்தில் சர்வ் போட்டு, பெண்கள் ஆட்டத்தில் புதிய சாதனை படைத்தார். அதே 2007-ல்தான் மூச்சு வாங்கத் தொடங்கியது. உடற்பயிற்சியால் வரும் ஆஸ்துமா என்றார்கள். மருந்து கொடுத்தார்கள். மருந்து கேட்கவில்லை. போகப் போகக் கைகள் வீங்கின, மரத்துப்போயின. எல்லாவற்றுக்கும் மேலாக, தூங்கி எழுந்தாலும் தீராத களைப்பு.

களைப்பு என்பதற்கு ஸ்கேன் கிடையாது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: வீனஸ் முன்பு போல ஓடவில்லை. அவருக்கு உள் அலங்கார நிறுவனம் இருந்தது, உடை வடிவமைப்பு இருந்தது. கவனம் அங்கே போய்விட்டது, டென்னிஸில் ஆர்வம் குறைந்துவிட்டது என்று எழுதினார்கள். 30 வயதாகிவிட்டது என்றார்கள். ஒரு பெண் சோர்ந்து உட்கார்ந்தால் முதலில் அவள் மனதைத்தான் சந்தேகிக்கிறோம். இரும்புச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து, ‘டென்ஷனைக் குறைங்கம்மா’ என்று அனுப்பிவைக்கப்பட்ட எத்தனையோ பேர் இதைப் படித்துக்கொண்டிருப்பார்கள். ஷோகிரென் நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள்.

அந்த நோயைக் கொஞ்சம் புரிந்துகொள்வோம். ஹென்ரிக் ஷோகிரென் ஸ்வீடன் நாட்டுக் கண் டாக்டர். கண் வறண்டுபோய், கூடவே மூட்டு வலியோடும் வந்த பெண்களைக் கவனித்து, 1933-ல் தன் ஆய்வேட்டில் அதை விவரித்தார். வெளியிலிருந்து வரும் கிருமியை அடிக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம், உடம்பின் சொந்தச் சுரப்பிகளையே அடிக்கத் தொடங்கிவிடுகிறது. முதலில் மாட்டுவது கண்ணீர்ச் சுரப்பியும் உமிழ்நீர்ச் சுரப்பியும். கண் உறுத்தும், வாய் உலரும். சிலருக்கு அதோடு நிற்கும். சிலருக்கு மூட்டு, நுரையீரல், நரம்பு என்று பரவும். எங்கே போனாலும் களைப்பு கூடவே வரும். ஒவ்வொரு அறிகுறியும் தனித்தனியாகப் பார்த்தால் சாதாரணமாக இருப்பதால், கண்ணுக்கு ஒரு டாக்டர், மூச்சுக்கு ஒரு டாக்டர், மூட்டுக்கு ஒரு டாக்டர் என்று அலைவார்கள். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க ஒருவர் கிடைக்கும்வரை நோய்க்குப் பெயர் கிடைக்காது. டென்னிஸ் ஆடுகிறவருக்கு இது எவ்வளவு கொடுமை என்று யோசித்துப் பாருங்கள். 185 சென்டிமீட்டர் உயரமுள்ள வீனஸின் ஆட்டமே நீண்ட எட்டு வைத்து ஓடுவதிலும், தோளைச் சுழற்றி அடிக்கும் அந்த சர்வீஸிலும்தான் இருந்தது.

நோய் தெரிந்த பிறகு மாதக்கணக்கில் ஆட்டமே இல்லை. தரவரிசையில் நூறுக்கு வெளியே விழுந்தார். ஓய்வு பெறுவாரா என்ற கேள்வி எங்கும் இருந்தது. அவர் கண்ணில் இருந்தது லண்டன் ஒலிம்பிக். அதற்குப் புள்ளிகள் வேண்டும், புள்ளிகளுக்கு ஆட வேண்டும். உணவை முழுக்கத் தாவர உணவாக மாற்றினார். எல்லாவற்றையும்விடக் கடினமான மாற்றம் பயிற்சியில். சிறு வயது முதல் வலித்தாலும் விடாதே, இன்னும் ஒரு மணி நேரம் என்று பழகிய உடம்பு அது. அந்தப் பழக்கமே இப்போது ஆபத்து. கஷ்டப்பட்டால் பலன் உண்டு என்ற பாடத்தை ஒரு சாம்பியன் கைவிட்டு, இன்று முடியாது என்று உடம்பு சொன்னால் கேட்டுக்கொள்ளப் பழகினார். வீனஸ் செய்ததிலேயே பெரிய வேலை இதுதான் என்று நினைக்கிறேன்.

2012 மார்ச், மியாமி. வைல்டு கார்டில் வந்தார். முதல் சுற்றில் ஜப்பானின் கிமிகோ டாட்டே. இரண்டாவதில் அப்போது உலகின் மூன்றாம் இடத்தில் இருந்த பெட்ரா க்விட்டோவா: 6-4, 4-6, 6-0. மூன்றாவதில் கனடாவின் அலெக்சாண்ட்ரா வோஸ்னியாக். முதல் செட் போனது, இரண்டாவது வந்தது, மூன்றாவதில் ஒரு மேட்ச் பாயின்ட் எதிராளி பக்கம். அதைத் தடுத்து, டைபிரேக் வரை இழுத்து வென்றார். அடுத்து அனா இவானோவிச்சையும் வீழ்த்திக் காலிறுதிக்குப் போனார்.

அப்படியே ஏறிக்கொண்டே போனார் என்று எழுத எனக்கும் ஆசைதான். நடந்தது அதுவல்ல. மூன்று மாதம் கழித்து, ஐந்து முறை கோப்பையைத் தூக்கிய அதே விம்பிள்டனில் முதல் சுற்றிலேயே எலெனா வெஸ்னினாவிடம் 6-1, 6-3 என்று தோற்றார். ஆனால் அதே போட்டியில் செரீனாவோடு இரட்டையர் பட்டம். சில வாரத்தில் அதே புல்தரையில் ஒலிம்பிக் இரட்டையர் தங்கம். இரட்டையர் ஆட்டத்தில் பாதித் தரையைப் பார்த்துக்கொள்ளத் தங்கை இருந்தார். அக்டோபரில் லக்ஸம்பர்க்கில் இரண்டரை ஆண்டு கழித்து ஒற்றையர் பட்டம். அடுத்த ஆண்டு முதுகு வலி; பாரிஸில் முதல் சுற்றில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆடித் தோற்று, விம்பிள்டனுக்கே போகவில்லை. 2014-ல் துபாய் பட்டம். 2015 முடிவில் உலகின் ஏழாம் இடம். 2016-ல் 36 வயதில் விம்பிள்டன் அரையிறுதி.

2017-க்கு வருகிறேன். அந்த ஆண்டு வீனஸ் ஒரு பட்டம் கூட வெல்லவில்லை. இருந்தும் அவருடைய வாழ்க்கையின் மிகச் சிறந்த ஆண்டு எது என்று கேட்டால், தங்கமும் கோப்பைகளும் குவிந்த 2000-ஐ விட்டுவிட்டு 2017 என்றுதான் சொல்வேன்.

மெல்போர்னில் அரையிறுதி. எதிரில் தன்னைவிடப் பதினோரு வயது இளையவரான கோகோ வாண்டவே. அந்த வாரம் எதிர்ப்பட்டவர்களையெல்லாம் அடித்து நொறுக்கிக்கொண்டு வந்தவர். முதல் செட் டைபிரேக்கில் போனது. முப்பத்தாறு வயதில், இந்த நோயோடு, ஆஸ்திரேலிய வெயில் காலத்தில், முதல் செட்டை இழந்தவர் அடுத்த இரண்டையும் 6-2, 6-3 என்று எடுத்தார். கடைசிப் புள்ளி விழுந்ததும் நெஞ்சில் கைவைத்து நின்றார், துள்ளினார், தரையில் சுற்றிச் சுற்றி வந்தார். எப்போதும் அளந்து சிரிக்கும் பெண்மணி, பள்ளி ஆண்டுவிழாவில் பரிசு வாங்கிய சிறுமி போல இருந்தார். 14 ஆண்டுக்குப் பிறகு ஆஸ்திரேலிய ஓப்பன் இறுதி. அதில் செரீனாவிடம் 6-4, 6-4 என்று தோற்றார். தங்கையின் வெற்றி எப்போதும் தன்னுடைய வெற்றிதான் என்று மேடையில் சொன்னபோது அதில் சம்பிரதாயம் எதுவும் தெரியவில்லை.

ஜூன் மாதம் ஃபுளோரிடாவில் அவர் ஓட்டிய கார் ஒரு விபத்தில் சிக்கியது. மற்ற காரில் இருந்த முதியவர் பின்னர் இறந்துபோனார். வீனஸ் விதிப்படிதான் வண்டியை எடுத்தார் என்று போலீஸ் பிறகு தெளிவுபடுத்தியது. ஆனால் விம்பிள்டன் முதல் நாளில் அது பற்றிக் கேட்டபோது அவரால் பேச முடியவில்லை. அழுதுகொண்டே அறையைவிட்டு எழுந்து போனார். அந்தப் பாரத்தோடு ஒஸ்டபென்கோவையும் ஜோஹன்னா கோன்டாவையும் தாண்டி இறுதிக்கு வந்தார். 1994-ல் மார்ட்டினா நவரத்திலோவாவுக்குப் பிறகு அங்கே இறுதி ஆடிய மூத்த பெண். கார்பினே முகுருசாவுக்கு எதிராக 5-4 என்ற நிலையில் இரண்டு செட் பாயின்ட்கள் கிடைத்தன. இரண்டும் கைநழுவின. அதன் பிறகு ஒன்பது கேமில் ஒன்றும் கிடைக்கவில்லை: 7-5, 6-0. உடம்பு ஒத்துழைக்கவில்லையா என்று கேட்கத்தான் தோன்றும். அன்று அவர் நோயைக் காரணமாகச் சொல்லவில்லை. யு.எஸ். ஓப்பனில் அரையிறுதி, சிங்கப்பூர் ஆண்டிறுதிப் போட்டியில் இறுதி ஆட்டம், வருட முடிவில் ஐந்தாம் இடம். அப்போது வயது 37.

இத்தனைக்கும் இன்னொரு நோய் உள்ளே இருந்தது. கருப்பையில் ஃபைப்ராய்டு கட்டிகள். அதிக ரத்தப்போக்கு, ரத்தசோகை, தாங்க முடியாத வலி. 2025-ல்தான் வீனஸ் இதை வெளிப்படையாகப் பேசினார். 2016-ல் விம்பிள்டன் இரட்டையர் இறுதிக்கு முன்னால் உடை மாற்றும் அறையின் தரையில் வலியில் படுத்துக் கிடந்ததையும், செரீனா ஓடிப்போய் டாக்டரை அழைத்து வந்ததையும் சொன்னார். அன்று எழுந்து போய் அந்தப் பட்டத்தை இருவரும் வென்றார்கள். இதிலும் ஷோகிரென் கதைதான்: நோய் எவ்வளவு பெரியது என்பது பல ஆண்டு பிடிபடவில்லை. உலகத்தின் சிறந்த மருத்துவர்களைச் சந்திக்க வசதியுள்ள ஒரு பெண்ணுக்கு இரண்டு முறை இப்படி நடந்திருக்கிறது என்பது எனக்கு ஆத்திரத்தையே தருகிறது. 2024-ல் அறுவை சிகிச்சை செய்துகொண்டார்.

16 மாத இடைவெளிக்குப் பிறகு 2025 ஜூலையில் வாஷிங்டனில், 45 வயதில், பெய்ட்டன் ஸ்டெர்ன்ஸை 6-3, 6-4 என்று வென்றார். அவரைவிட அதிக வயதில் டூர் ஒற்றையர் ஆட்டம் வென்ற ஒரே பெண் நவரத்திலோவா, 2004-ல் 47 வயதில். ஆட்டம் முடிந்து மைக்கைப் பிடித்தவர், மருத்துவக் காப்பீட்டுக்காகத்தான் திரும்பி வந்தேன் என்றதும் அரங்கமே சிரித்தது. எத்தனை முறை ஆஸ்பத்திரி போகிறேன் தெரியுமா என்று தொடர்ந்தார். யு.எஸ். ஓப்பனில் 11-ம் இடத்தில் வைக்கப்பட்ட கரோலினா முகோவாவிடம் மூன்று செட் ஆடித் தோற்றார். இரட்டையரில் லெய்லா ஃபெர்னாண்டஸோடு சேர்ந்து மூன்று ஆட்டம் வென்று காலிறுதிக்குப் போனார். வீனஸ் முதன்முதலாக உலகின் முதலிடத்தைப் பிடித்த 2002-ல் பிறந்தவர் லெய்லா.

(தொடரும்)

அடுத்த வாரம்: ஹுவான் மார்ட்டின் டெல் போட்ரோ