மறைந்து பறக்கும் விமானங்களும் வன்னி கண்ட விமானங்களும்

வன்னி மக்களின் பேச்சில் 'கிபிர்' என்பது ஒரு வகை விமானத்தின் பெயராக மட்டும் இருந்ததில்லை. குண்டு வீச வரும் எந்த விமானமும் அவர்களுக்குப் பெரும்பாலும் கிபிர்தான். ஹீப்ரு மொழியில் சிங்கக்குட்டி எனப் பொருள்படும் இச்சொல், 1996ஆம் ஆண்டில் இலங்கை விமானப் படை இஸ்ரேலிடமிருந்து அவ்விமானங்களைக் கொள்வனவு செய்ததன் பின்னர், ஓமந்தை தொடக்கம் முல்லைத்தீவு வரை சிறு பிள்ளைகளும் அறிந்த சொல்லாயிற்று. 1997 மே 13இல் தொடங்கிய ஜயசிக்குறு நடவடிக்கையில் முதலில் வீழ்ந்த இடங்களுள் ஓமந்தையும் ஒன்று. இத்தகைய அனுபவமுடைய மக்கள், அமெரிக்கா புதிதாகத் தயாரிக்கும் குண்டுவீச்சு விமானங்கள் பற்றிய செய்திகளை வெறும் விஞ்ஞான விந்தையாக வாசித்துவிட்டுப் போக முடியாது. அவற்றின் விலை என்ன, எத்தனை தயாராகின்றன, யாருக்கு விற்கப்படும் என்பவற்றை நாம் அறிந்திருத்தல் நன்று.

ராடர் அலைகளைத் திருப்பி அனுப்பாது சிதறச் செய்யும் வடிவமும், அவற்றை உறிஞ்சும் மேற்பூச்சும் கொண்டவையே இந்த மறைவு விமானங்கள். இவ்வகையில் முதலாவது குண்டுவீச்சு விமானமான பி-2இல் 132ஐத் தயாரிக்க அமெரிக்கா திட்டமிட்டிருந்தது. பனிப்போர் முடிவுக்கு வந்ததும், விலை ஏறிய விதமும் சேர்ந்து அதனை 21உடன் நிறுத்திவிட்டன. ஆராய்ச்சிச் செலவையும் கூட்டினால் ஒரு விமானம் 2 பில்லியன் டொலரைத் தாண்டியது. 2008இல் குவாம் தீவில் ஒன்று விழுந்து எரிந்தது. 2022இல் தீப்பற்றிய மற்றொன்றைத் திருத்துவது கட்டுபடியாகாது எனக் கைவிட்டனர். எஞ்சியவற்றில் ஏழுதான் 2025 ஜூன் 22இல் ஈரானின் அணு நிலையங்கள் மீது, ஒவ்வொன்றும் 13 தொன்னுக்கும் கூடிய நிறையுடைய 14 குண்டுகளை வீசித் திரும்பின.

இதன் வாரிசான பி-21, 2022 டிசம்பரில் உலகுக்குக் காட்டப்பட்டு 2023 நவம்பரில் முதன்முறை பறந்தது. குறைந்தது 100 விமானங்கள் என்பது திட்டம். ஒன்றின் சராசரிக் கொள்முதல் விலை 2010ஆம் ஆண்டின் நாணயப் பெறுமதியில் 550 மில்லியன் டொலருக்கு மேற்படலாகாது என எல்லை வகுத்தனர். 2022ஆம் ஆண்டுப் பெறுமதியில் அது ஏறத்தாழ 692 மில்லியன். வங்குரோத்தடைந்த இலங்கையை மீட்க 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் நான்காண்டுகளுக்கென அங்கீகரித்த தொகை சுமார் 3 பில்லியன் டொலர். அது இவ்விமானங்களில் நான்கை வாங்கியதும் தீர்ந்துவிடும்.

வாங்கப் பணமிருந்தாலும் கிடைக்காது என்பது வேறு விடயம். பி-2 எந்த நாட்டுக்கும் விற்கப்படவில்லை. பி-21ஐ வாங்கலாமா என நெருங்கிய கூட்டாளியான அவுஸ்திரேலியா ஆராய்ந்து, 2023இல் வேண்டாமென முடிவு செய்தது. விற்கப்படும் மறைவு விமானமாகிய எப்-35இலும் வாங்குவோர் யாரென்பதை வொஷிங்டனே தீர்மானிக்கின்றது. இஸ்ரேல் அதனைப் பெற்றது. தயாரிப்பிலேயே பங்காளியாயிருந்த துருக்கி, ரஷ்ய ஏவுகணைகளை வாங்கியமைக்காக 2019இல் வெளியேற்றப்பட்டது. ஐக்கிய அரபு அமீரகம் 50 விமானங்களுக்கான பேச்சுக்களை 2021 டிசம்பரில் இடைநிறுத்திக்கொண்டது. முஸ்லிம் நாடுகளுக்கு இவ்விடயத்தில் ஓர் அளவுகோலும் இஸ்ரேலுக்கு வேறோர் அளவுகோலும் உண்டென்பதை மறைக்க அமெரிக்காவும் அதிகம் முயல்வதில்லை.

கிபிர் விமானமே இந்த அரசியலின் குழந்தைதான். 1967 யுத்தத்தையொட்டி, பணம் செலுத்தப்பட்டிருந்த 50 மிராஜ் விமானங்களை பிரான்ஸ் இஸ்ரேலுக்குக் கொடுக்க மறுத்தது. மிராஜின் வடிவத்தைத் தழுவி, அமெரிக்க இயந்திரத்தைப் பொருத்தி இஸ்ரேல் தயாரித்ததே கிபிர். இயந்திரம் அமெரிக்காவினது ஆகையால் விற்பனைக்கும் அமெரிக்க அனுமதி வேண்டும். 1977இல் ஈக்குவடோருக்கு 24 கிபிர்களை விற்க முற்பட்டபோது ஜனாதிபதி கார்ட்டர் தடுத்துவிட்டார். இலங்கைக்கான விற்பனைக்கு அவ்வாறான தடை எழவில்லை.

அதாவது, வல்லரசுகள் தமக்கென வைத்துக்கொள்ளும் விமானம் வேறு; பாவித்துக் கழித்துச் சிறிய நாடுகளின் தலையில் கட்டும் விமானம் வேறு. 2000ஆம் ஆண்டில் உக்ரேனிலிருந்து வந்த மிக்-27களும் அத்தகைய பழையவையே. 2006இல் மேலும் நான்கை வாங்கியபோது விலை உயர்த்தப்பட்டதாகவும், பணம் இடைத்தரகு நிறுவனமொன்றுக்குச் சென்றதாகவும் குற்றச்சாட்டுகள் எழுந்தன. அது தொடர்பில் முன்னாள் தூதுவர் ஒருவர் 2020இல் நாடு திரும்பியதும் கைதானார்.

பழைய விமானங்களின் செலவு வாங்கிய நாளோடு முடிவதுமில்லை. 2001 ஜூலை 24இல் கட்டுநாயக்கத் தாக்குதலில் கிபிர்களும் மிக் விமானமும் அழிந்தன. 2011 மார்ச் 1இல் விமானப் படையின் 60ஆவது ஆண்டு விழா ஒத்திகையில் இரு கிபிர்கள் வானில் மோதின. எஞ்சியவற்றுள் ஐந்தைப் புதுப்பிக்க 2021 ஜூனில் 50 மில்லியன் டொலருக்கு இஸ்ரேலிய நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்யப்பட்டது. பத்து மாதங்களில், வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென இலங்கை அறிவித்தது. எரிபொருள் வரிசைகளில் மக்கள் நின்ற அந்நாட்களில் இந்த 50 மில்லியனைப் பற்றிப் பாராளுமன்றத்தில் உரத்துக் கேட்டிருக்க வேண்டும் என்பது எமது கருத்து.

வன்னிக்கு மறைந்து வரவேண்டிய தேவை எந்த விமானத்துக்கும் இருக்கவில்லை. ஓசை கேட்டுப் பதுங்கு குழிக்கு ஓடுவதே மக்களின் ஒரே ராடர். 2006 ஆகஸ்ட் 14இல் வள்ளிபுனம் செஞ்சோலை வளாகத்தில் 50க்கும் மேற்பட்டோர் குண்டுவீச்சில் மாண்டனர். அது பயிற்சி முகாம் என்றது அரசாங்கம். மாண்டவர்கள் அயற் பாடசாலைகளின் மாணவியர் என்றது யுனிசெப். 2009இல் வன்னியை விட்டு வந்த பெருந்தொகையான மக்கள், உடலில் சிதறல்களைச் சுமந்தோர் உட்பட, ஓமந்தைச் சோதனைச் சாவடியைக் கடந்தே முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். இச்செலவு எந்த நாட்டின் வரவு செலவுத் திட்டத்திலும் இடம்பெறாதது.

பி-21 எமது வானுக்கு வரப்போவதில்லை. அதற்கான பணமும் இல்லை, விற்பாரும் இல்லை. ஆனால் கிபிரைப் போலவே வன்னி மக்கள் பெயரிட்ட இன்னொன்று உண்டு. எறிகணைகள் விழுமுன் தலைக்கு மேல் இரைந்துகொண்டு சுற்றிய ஆளில்லா வேவு விமானத்தை அவர்கள் 'வண்டு' என்றனர். அதுவும் இஸ்ரேலியத் தயாரிப்பே. அன்று படம் மட்டும் பிடித்த அவ்வகை விமானம் இன்று குண்டும் சுமக்கின்றது. துருக்கி, சீனா, ஈரான், இஸ்ரேல் ஆகிய நாடுகள் போட்டியிட்டு ஏற்றுமதி செய்கின்றன. ஒரு பி-21இன் விலையில் நூற்றுக்கு மேற்பட்டவற்றை வாங்கலாம்.